ஏட்டில் இல்லாத மதிப்பு

மும்பையில் எங்கள் பயிற்சி வகுப்பு நிறைவுற்ற நாள் ஒரு சனிக்கிழமை. ஊர் திரும்பும் இரயில் மறுநாள் காலையில்தான் என்பதால், நாங்கள் நால்வர் மாலைப் பொழுதைப் பயனுறக் கழிக்க எண்ணி, வாடகைக் கார் ஒன்றில் ஏறி "ஆப்பரா ஹவுஸ்" என்றோம். ஓட்டுநர் மறுகேள்வி கேட்கவில்லை. நெரிசலுக்கிடையே வளைந்து நெளிந்து சென்று, ஆரவாரம் மிக்க ஒரு சந்திப்பில் வண்டியை நிறுத்தி, இறங்கலாம் என்று கைகாட்டினார். சுற்றிலும் உயர்ந்த வணிக மாடங்கள். நகைப் பட்டறைகளின் பெயர்ப் பலகைகள். கைப்பையை மார்போடு அணைத்து விரைந்து நடக்கும் மனிதர்கள். அரங்கத்தை மட்டும் காணவில்லை.

"ஆப்பரா ஹவுஸ் எங்கே?" என்று கேட்டோம். "நீங்கள் நிற்பதுதான் ஆப்பரா ஹவுஸ்" என்றார். மேலும் விளக்கிய பிறகு, "ஓ, அந்தக் கட்டடமா! முன்பே சொல்லியிருக்கலாமே" என்று சிரித்தபடி, அடுத்த திருப்பத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அந்தச் சிறு குழப்பம் எங்களை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. ஓர் அரங்கத்தின் பெயர் ஒரு வட்டாரத்தின் பெயராகிவிட்டது. வைர வணிகம் பாந்த்ரா-குர்லா வளாகத்துக்கு இடம்பெயரத் தொடங்கும் வரை, நாட்டின் வைரத் தொழிலுக்கே 'ஆப்பரா ஹவுஸ்' என்பதுதான் முகவரி. அந்த முகவரியை எழுதியவர்களுள் எத்தனை பேர், அதற்குப் பெயர் தந்த கட்டடத்தின் கதவுகள் 23 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன என்பதை எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

எங்களுள் இருவருக்கு அந்தப் பூட்டு பழக்கமானது. வங்கிப் பணியில் சேர்ந்த புதிதில், 2001ஆம் ஆண்டளவில், சில மாதங்கள் மும்பையில் பணியாற்றியபோது, சர்னி ரோடு இரயில் நிலையத்துக்கு நாள்தோறும் அவ்வழியே நடந்திருக்கிறோம். கடற்காற்றில் கறுத்த சுவர்களும் மூடிய வாயிலும் எங்கள் கண்ணில் பட்டனவே தவிர, கருத்தில் பதியவில்லை. ஏதோ ஒரு பழைய சினிமா கொட்டகை என்று கடந்து போனோம். இம்முறை அதே வாயிலில் நுழைவுச்சீட்டுடன் நின்றபோது சற்றே வெட்கமாகத்தான் இருந்தது.

கப்பலில் வந்த கனவு

ஆப்பரா என்பது ஐரோப்பியர்களின் இசை நாடகம். பாத்திரங்கள் உரையாடலைப் பெரும்பாலும் பாட்டாகவே பாடுவர். மேடைக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் அமர்ந்து வாத்தியக் குழுவினர் இசைப்பர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் தோன்றிய கலையாதலால், பாடகரின் குரல் கடைசி வரிசைவரை தானாகவே சென்று சேரும்படி அரங்கத்தையே ஓர் இசைக்கருவிபோல் அமைக்க வேண்டியிருந்தது. இன்று இந்தியாவில் எஞ்சி நிற்கும் ஒரே ஆப்பரா அரங்கம் என்று மும்பையின் ராயல் ஆப்பரா ஹவுஸைக் குறிப்பிடுகிறார்கள்.

இதைக் கட்டும் எண்ணம் 1908இல் இருவருக்குத் தோன்றியது. ஒருவர் கல்கத்தாவைத் தளமாகக் கொண்டிருந்த மாரிஸ் பாண்ட்மன். மத்தியதரைக் கடற்கரை நகரங்கள் முதல் கீழை நாடுகள் வரை நாடகக் குழுக்களைக் கப்பலேற்றி அனுப்பி, ஊர் ஊராகக் காட்சி நடத்திய கலை வணிகர். மற்றவர் நிலக்கரித் தரகு நிறுவனம் ஒன்றின் தலைவரான ஜஹாங்கீர் பிராம்ஜி கரக்கா என்ற பார்சி கனவான். ஒருவர் கலையைக் கொண்டுவந்தார். மற்றவர் முதலைக் கொண்டுவந்தார். வங்கித் தொழிலில் இருப்பவர்களுக்கு இக்கூட்டணி அந்நியமாகத் தோன்றாது.

1911இல் இந்தியா வந்த மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், கட்டுமானம் முற்றுப்பெறுமுன்பே இவ்வரங்கத்தைத் திறந்து வைத்தார். 'ராயல்' என்ற அடைமொழி அவ்வழி வந்தது. 1912இல் அரங்கம் நிறைவுற்றது. முகப்பு வேலைப்பாடுகள் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்தன. பரோக் எனப்படும் ஐரோப்பிய ஆடம்பரப் பாணியில், இந்திய வேலைப்பாடுகளும் கலந்து எழுந்த கட்டடம் இது.

ஆயினும், ஐரோப்பிய இசை நாடகத்தை மட்டும் நம்பி அரங்கம் பிழைத்திருக்க முடியாது என்பது விரைவில் தெளிவாகிவிட்டது. மராத்தி இசை நாடகம் இம்மேடைக்கு ஏறியது. பெண் வேடத்தில் மகாராஷ்டிரத்தையே மயக்கிய பாலகந்தர்வர் இங்கே பாடினார். லதா மங்கேஷ்கரின் தந்தையார் தீனாநாத் மங்கேஷ்கர் பாடினார். 1920களிலேயே திரைப்படங்கள் காட்டப்பட்டன. 1930களின் நடுவில் அரங்கம் திரையரங்காகவே மாற்றப்பட்டது. 1944இல் பிருத்விராஜ் கபூர் தொடங்கிய பிருத்வி தியேட்டர்ஸ் இம்மேடையில் இந்தி நாடகங்களை நடத்தியது. நாடகம் முடிந்ததும் அவர் வாயிலில் துணிப்பையை ஏந்தித் தலை குனிந்து நிற்பாராம். வெளியேறும் மக்கள் தம்மால் இயன்றதை அதில் இடுவார்களாம். நாடறிந்த நடிகர், தம் தொழிலைக் காக்கக் கையேந்தி நின்ற அக்காட்சியை, அரங்கத்தின் படிகளில் நின்று நாங்கள் மனக்கண்ணில் கண்டோம்.

1952இல் சௌராஷ்டிரத்தின் கோண்டல் அரசர் விக்ரம்சிங்ஜி இதனை 999 ஆண்டுக் குத்தகையில் பெற்றார். பின்னர் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது, வீடியோ வந்தது, கேபிள் வந்தது. ஒற்றைத் திரையரங்குகளின் வருவாய் நாடெங்கும் கரைந்தது. 1993இல் ராயல் ஆப்பரா ஹவுஸ் மூடப்பட்டது.

உள்ளே கண்டவை

முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் எங்கள் பேச்சு நின்றது. மேலே பெரிய சரவிளக்குகள். பைகுல்லாவில் இருந்த சசூன் குடும்பத்தினரின் 'சான் சூசி' மாளிகையிலிருந்து இவ்வரங்குக்கு வந்தவை என்பர். முன்மண்டபக் குவிமாடம் எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, கவிஞர்களுக்குச் செலுத்தும் அஞ்சலியாக அமைந்திருக்கிறது. ஒரு கேளிக்கைக் கூடத்தின் வாயிலில் மன்னர்களை விடுத்துக் கவிஞர்களைத் தலைக்கு மேலே வைத்தார்களே என்று எங்களுள் மூத்தவர் வியந்தார்.

அரங்கின் உள்ளே சந்தன நிறமும் பொன்னும் சிவப்பும். தரைத்தளத்தில் இருக்கைகள், அவற்றுக்கு மேல் வளைந்து செல்லும் மாடங்கள், மேடையின் இருபுறமும், தோட்டத்து மாடப்புறாக் கூடுகள்போல், தனிப் பெட்டி இருக்கைகள். மொத்தம் ஐந்நூற்றுச் சொச்சம் பேர் அமரலாம். பெரிய அரங்கமென்று எண்ணிச் சென்ற எங்களுக்கு அதன் நெருக்கமே முதலில் வியப்பளித்தது. மேல் மாடத்துக் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் பாடகரின் முகபாவம் தெரிகிறது.

அன்று மராத்தி நாடகப் பாடல்களின் கச்சேரி. எங்களில் எவருக்கும் மராத்தி தெரியாது. ஒரு பாடலின் நடுவே பாடகி ஒலிவாங்கியிலிருந்து இரண்டடி பின்வாங்கி, ஒரு நீண்ட கார்வையை மெல்ல இழைத்தார். கருவியின் துணை குறைந்த அந்தச் சில நொடிகளில் குரல் தேயவில்லை. கூரையில் பட்டு, சுவர் வழியே இறங்கி, எங்கள் தோளருகே வந்து நின்றதுபோல் இருந்தது. பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் கண்களை மூடியபடி ஒவ்வோர் அடியையும் வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தோம். சிறுவயதில் தந்தையாருடன் இங்கே திரைப்படம் பார்த்தவர். நடுவயதில் பூட்டிய கதவைப் பார்த்தவர். முதுமையில் மீண்டும் உள்ளே வந்திருக்கிறார். "திறக்கும் என்று நினைக்கவே இல்லை" என்று மட்டும் சொன்னார்.

இடைவேளை விவாதம்

தேநீரை ஏந்தி நின்றபோது, எங்களுள் இளையவர், கடன் பிரிவில் கைதேர்ந்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லத் தொடங்கினார். "சார், தவறாக எண்ணாதீர்கள். தென் மும்பையில் இவ்வளவு பெரிய மனை. இதில் அடுக்குமாடி எழுப்பியிருந்தால் என்ன வருவாய்! ஐந்நூறு பேர் அமர்ந்து பாட்டுக் கேட்பதற்காக இத்தனை கோடி மதிப்புள்ள நிலத்தை முடக்கலாமா? மேலும், வெள்ளையர் தம் கேளிக்கைக்குக் கட்டியது தானே இது?"

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. வணிகவியல் படித்த நாங்கள் அனைவரும் மாற்று வாய்ப்பின் செலவு என்ற பாடத்தைக் கடந்து வந்தவர்களே. ஒரு சொத்தை ஒரு வழியில் பயன்படுத்தும்போது, மற்ற வழியில் கிடைத்திருக்கக்கூடிய பயனை இழக்கிறோம். அந்த இழப்பும் ஒரு செலவே. ஆனால் அக்கேள்விக்கு எங்கள் மூத்தவர் பதில் சொல்லவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "அந்தக் கோப்பு நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

நினைவிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் இருவரும் ஒரே கிளையில் பணியாற்றிய ஊரில், வணிக வளாகம் கட்டக் கடன் கோரி ஒரு விண்ணப்பம் வந்தது. மனையில் பழைய நாடகக் கொட்டகை ஒன்று நின்றது. பின்னர் சினிமா கொட்டகையாகி, பிறகு கிடங்காகி, இறுதியில் வெறுமையான கட்டடம். மதிப்பீட்டாளரின் அறிக்கையில் நிலத்துக்குப் பெரிய தொகை; கட்டடத்தின் மதிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல். இடிக்கும்போது கிடைக்கும் தேக்குக்கும் இரும்புக்கும் மட்டும் ஒரு சிறு தொகை. விதிப்படி எல்லாம் சரியாக இருந்தன. ஆய்வு செய்து கையொப்பமிட்டவர்கள் நாங்கள்தாம். கடன் உரிய காலத்தில் திருப்பிச் செலுத்தப்பட்டது. வங்கியின் கணக்கில் அது ஒரு நல்ல கடன்.

அறிக்கையோடு, வழக்கம்போல், நான்கு புறமிருந்தும் எடுத்த புகைப்படங்கள் இணைக்கப்பட்டிருந்தன. முகப்பின் உச்சியில் சுதையால் செய்த ஒரு வீணை. அதன் கீழே பாதி உதிர்ந்த பெயர். மேற்கூரையில் முளைத்த அரசங்கன்று. அந்த ஊரில் அக்கொட்டகையைக் குறித்து யாரேனும் நூல் எழுதியதாகவோ, படம் எடுத்து வைத்ததாகவோ நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அதன் கடைசிப் படங்கள், ஒருவேளை, எங்கள் கடன் கோப்பில்தான் இருக்கக்கூடும். 'கட்டடத்தின் மதிப்பு: இல்லை' என்ற சொல்லுக்குப் பின்னிணைப்பாக.

கணக்கு சொல்வதும் சொல்லாததும்

தேய்மானம் என்பது கணக்கியலின் அடிப்படைகளுள் ஒன்று. வருமான வரி விதிகளின்படி, குடியிருப்பல்லாத கட்டடங்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 10 விழுக்காடு தேய்மானம். எஞ்சிய மதிப்பின்மீது ஆண்டுதோறும் இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால், இன்று 100 ரூபாய் மதிப்புள்ள கட்டடம் 23 ஆண்டுகளில் ஏறத்தாழ 9 ரூபாயாகிவிடும். ராயல் ஆப்பரா ஹவுஸ் பூட்டிக் கிடந்த காலம் மட்டும் அதே 23 ஆண்டுகள். நிலத்துக்கோ தேய்மானம் கிடையாது. அதன் சந்தை விலை பெருநகரங்களில் ஏறியபடியே இருக்கிறது. ஒரு கோடு இறங்க, மறுகோடு ஏற, இடையே விரியும் அந்த வாயில்தான் இடிக்கும் இயந்திரம் உள்ளே நுழைகிறது. யாருடைய தீய எண்ணமும் அதற்குத் தேவையில்லை. கணக்கைச் சரியாகப் போட்டாலே போதும்.

கணக்கின்மீது எங்களுக்கு வருத்தமில்லை. அது கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொல்கிறது: இந்தச் சொத்தை இன்று விற்றால் வங்கிக்கு என்ன கிடைக்கும் என்பதே கேள்வி. ஆனால் ஓர் ஊருக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் போதாது. குரலை ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கொண்டுசெல்லும் கூடத்தை மீண்டும் கட்ட என்ன செலவாகும்? அதைக் கட்டத் தெரிந்த கைகள் இருக்கின்றனவா? மூன்று தலைமுறையினர் 'நானும் அங்கே போயிருக்கிறேன்' என்று சொல்லக்கூடிய இடம் இன்னொன்று ஊரில் உண்டா? இவற்றுக்கு மதிப்பீட்டு அறிக்கையில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் மதிப்பும் இல்லை என்று நாம் பழகிவிட்டோம்.

வெள்ளையர் கட்டியது என்ற ஆட்சேபத்துக்கு அன்றைய மாலையே விடை தந்தது. மன்னர் திறந்து வைத்த மேடையில் மராத்தியர் பாடினர். இந்தி நாடகக்காரர் நடித்தனர். சாதாரண மக்கள் சீட்டு வாங்கிச் சினிமா பார்த்தனர். எவர் கட்டினார் என்பதைவிட எவர் நிரப்பினார் என்பதே ஓர் அரங்கம் யாருடையது என்பதை முடிவு செய்கிறது. கண்ணை மூடி வாயசைத்த அந்த முதியவரைவிட இக்கட்டடத்துக்கு உரிமை உடையவர் எவர்?

மீண்ட விதம்

மூடிய அரங்கம் தானாகத் திறந்துவிடவில்லை. கோண்டல் அரச குடும்பத்தின் ஜோதேந்திரசிங்ஜி புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்றார். மரபுக் கட்டடப் பாதுகாப்பில் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர் ஆபா நாராயண் லாம்பா பணியை வடிவமைத்து நடத்தினார். 2012இல் உலக நினைவுச்சின்ன நிதியம் தன் கண்காணிப்புப் பட்டியலில் இவ்வரங்கத்தைச் சேர்த்தது. உலகின் கவனம் திரும்பியது. பல ஆண்டுகள் படிப்படியாக நடந்த வேலை அது. முதலில் கூரையின் கசிவு, மாடங்களின் உறுதி. பின்னரே வண்ணமும் அலங்காரமும். சினிமாவுக்காக அகற்றப்பட்டிருந்த பெட்டி இருக்கைகள் மீண்டும் அமைக்கப்பட்டன. பழைய அழகுக்குள் குளிர்சாதனமும் தீத்தடுப்பு ஏற்பாடுகளும் நவீன ஒளியமைப்பும் கண்ணை உறுத்தாமல் பொருத்தப்பட்டன.

2016 அக்டோபரில் அரங்கம் மீண்டும் திறந்தது. மும்பையில் பிறந்து பிரிட்டனில் புகழ்பெற்ற பாடகி பாட்ரீசியா ரொசாரியோ பாடினார். மறு ஆண்டு, யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடங்கள் இரண்டு. முதலாவது, பழுது பார்க்கும் வரிசை. எங்கள் நாட்டில் பல பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் முதலில் வருகின்றன. ஒழுகும் கூரை அப்படியே இருக்கிறது. திறப்பு விழாவுக்கு வண்ணம் போதும். அடுத்த மழைக்குப் போதாது. வீட்டுக்கடன் வாங்கிப் பழைய வீட்டைச் சீர்செய்யும் வாடிக்கையாளர்களுக்கும் நாங்கள் சொல்வது இதையே: செலவின் முதல் பங்கு கூரைக்கும் அடித்தளத்துக்கும் போகட்டும்.

இரண்டாவது, பயன்பாடு. ராயல் ஆப்பரா ஹவுஸ் ஆப்பராவை மட்டும் பற்றிக்கொண்டிருந்தால் முதல் பத்தாண்டைக்கூடத் தாண்டியிருக்காது. நாடகத்துக்கு இடம் கொடுத்தது. சினிமாவுக்கு இடம் கொடுத்தது. இன்று இசை, நடனம், நகைச்சுவை, உரையரங்கு என்று எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. பயன்பாடு நின்ற 1993க்குப் பிறகுதான் கட்டடம் உண்மையில் சிதையத் தொடங்கியது. மனிதர் புழங்கும் வீட்டில் ஓடு உடைந்தால் அன்றே தெரியும். பூட்டிய வீட்டில் உத்திரம் இற்று விழும்போதுதான் தெரியும். பழைய கட்டடத்தைக் காப்பது என்றால் அதைக் கண்ணாடிப் பேழைக்குள் வைப்பது என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்வோம். மீட்கப்பட்ட அரங்கங்கள் மெல்ல மெல்ல வசதி படைத்தோரின் மாலைப் பொழுதுக்கு மட்டும் உரியனவாகிவிடும் அபாயம் உண்டு. பராமரிப்புச் செலவு மிகுதி, இருக்கைகள் குறைவு, ஆகவே கட்டணம் ஏறுவது இயல்பு. ஆனால் பழைய அரங்கங்களைக் கட்டியவர்களே மேல் மாடத்தில் மலிவான இருக்கைகளை வைத்தார்கள். பெட்டியில் அமர்ந்தவர் தந்த கட்டணம், மாடத்தில் அமர்ந்தவரின் சுமையைக் குறைத்தது. அந்த ஏற்பாடு இன்றும் தொடர வேண்டும். மாணவர்களுக்கும் அக்கம்பக்கத்தில் வாழும் எளியவர்களுக்கும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சில வரிசைகள் எட்டும் விலையில் இருந்தால்தான், நாளை ஓர் இடர் வரும்போது 'இது எங்கள் அரங்கம்' என்று குரல் கொடுக்க ஆள் இருக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

விடுமுறைப் பயணம் செல்லும் நாம், பழைய கட்டடங்களின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். படத்தால் கூரைக்கு ஓர் ஓடுகூட வருவதில்லை. மும்பை செல்லும் வாசகர்கள் அடுத்த முறை ஒரு மாலையை ராயல் ஆப்பரா ஹவுஸுக்கு ஒதுக்குங்கள். முன்கூட்டியே நிகழ்ச்சி நிரலைப் பார்த்து ஒரு சீட்டு வாங்குங்கள். மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், எங்களுக்கும் தெரியாது. சர்னி ரோடு நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தொலைவுதான். வாடகைக் காரில் செல்வதானால், வட்டாரத்தின் பெயரோடு 'அந்த அரங்கம்' என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிருத்விராஜ் கபூரின் துணிப்பையில் அன்று மக்கள் இட்ட காசும், இன்று நாம் வாங்கும் சீட்டும் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கப்படுகின்றன.

உங்கள் ஊரிலும் ஒரு பழைய கூடம் இருக்கக்கூடும். அது நாடகக் கொட்டகையாகவோ, வாசகசாலையாகவோ, சங்கக் கட்டடமாகவோ இருக்கலாம். அதன் உரிமையாளர் நீங்களே ஆயினும், உறவினர் ஆயினும், இடிப்பது என்று முடிவு செய்யுமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: முகப்பையும் கூடத்தையும் வைத்துக்கொண்டு, பின்புறத்தில் புதிய கட்டடம் எழுப்ப வழியுண்டா? திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் வகுப்புக்கும் வாடகைக்கு விட்டால் பராமரிப்புக்கேனும் வருமா? எல்லா இடத்திலும் விடை சாதகமாக இராது. சில கட்டடங்கள் உண்மையிலேயே ஆபத்தானவை. அவற்றை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வியே கேட்கப்படாமல் போவதுதான் பெரும்பாலான ஊர்களில் நடக்கிறது. நாங்களும் அன்று கேட்கவில்லை. விண்ணப்பதாரரை எதிரில் அமர்த்தி ஆண்டு வருவாயைக் கேட்டோம், பிணையத்தைக் கேட்டோம், அந்த வீணையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடன் நின்றிருக்காது. ஒருவேளை முகப்பு நின்றிருக்கும்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது இளையவர் சற்றுப் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தோம். சாலையின் எதிர்ப்புறம் நின்று, விளக்கொளியில் ஒளிரும் முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். படம் எடுக்கிறாரோ என்று நினைத்தோம். கைப்பேசி பையில்தான் இருந்தது. அருகில் வந்ததும், "சார், அந்த மதிப்பீட்டுப் படிவத்தில் 'குறிப்புகள்' என்று ஒரு வரி இருக்குமே, அதை நாம் எப்போதும் வெறுமையாகத்தானே விடுகிறோம்?" என்றார்.

ஆம், வெறுமையாகத்தான் விடுகிறோம். இனி அந்த வரியிலேனும் எழுதத் தொடங்குவோம் என்று அன்றிரவு நால்வரும் முடிவு செய்தோம்.